கிப்லாவை நோக்கித் திரும்பிய சீனக் கட்டடம்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசலின் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியது. ஸலாத்தும் ஸலாமும் எம்பெருமானார் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக.

 

சில மாதங்களுக்கு முன் மக்தப் பிள்ளைகளிடம் ஒரு படத்தைக் காட்டினேன். வளைந்தேறும் ஓட்டுக் கூரை, செந்நிற மரத்தூண்கள், நடுவே எண்கோண வடிவில் ஒரு மாடம். “இது என்ன கட்டடம்?” என்று கேட்டேன். “புத்தர் கோவில், ஹஸ்ரத்” என்றான் ஒரு சிறுவன். ஏனைய பிள்ளைகளும் அதையே சொன்னார்கள். “இது பள்ளிவாசல். இங்கே அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக நம்மைப் போன்றவர்கள் தொழுது வருகிறார்கள்” என்று நான் சொன்னபோது, அச்சிறுவன் மறுபடியும் படத்தைப் பார்த்துவிட்டு, “குப்பா எங்கே? மினாரா எங்கே?” என்று கேட்டான்.

அக்கேள்வி பிள்ளைகளுடைய கேள்வி மட்டுமன்று. பெரியவர்களாகிய நம் உள்ளத்திலும் அது இருக்கின்றது. ஒரு பள்ளிவாசலைப் பள்ளிவாசலாக ஆக்குவது எது? இதற்குரிய விடையைச் சீன நாட்டின் சீஆன் நகரத்துப் பெரிய பள்ளிவாசலின் வரலாற்றைக் கொண்டு விளக்க எண்ணியே இன்று இத்தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

சீனாவில் இஸ்லாம்

கல்வியைத் தேடிச் சீனம் வரையிலும் செல்லுமாறு கூறும் ஒரு சொல் நம் மேடைகளில் அடிக்கடி ஹதீஸாக எடுத்துரைக்கப்படுகின்றது. ஹதீஸ்கலை அறிஞர்கள் அதன் அறிவிப்பாளர் தொடரைப் பலவீனமானது என்றும், சிலர் இட்டுக்கட்டப்பட்டது என்றும் கூறியுள்ளனர். ஆகவே அதை நபிமொழி என்று உறுதியாகச் சொல்லாமல் விடுவதே பேணுதல். ஆனால் முஸ்லிம்கள் மிகத் தொடக்க காலத்திலேயே சீனம் சென்றார்கள் என்பது வரலாறு. கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலமாகிய கி.பி. 651-இல் அரபு நாட்டுத் தூதுக்குழு ஒன்று சீன அரசவைக்கு வந்ததாகச் சீனர்களின் அரசவரலாறே குறித்து வைத்துள்ளது.

அந்நாளில் சீனாவை ஆண்டவர்கள் தாங் வம்சத்தார். அவர்களின் தலைநகரம் சாங்-ஆன். அதுவே இன்றைய சீஆன். மத்திய ஆசியாவின் வழியே வந்த பட்டுப்பாதை அங்கே சென்று முடிந்தது. பாரசீகரும் அரபியரும் துருக்கியரும் அந்நகரின் சந்தைகளில் வணிகம் செய்தனர். கி.பி. 755-இல் ஆன் லுஷான் என்னும் தளபதி தொடங்கிய கலகத்தில் தலைநகரம் கைப்பற்றப்பட்டபோது, அதனை மீட்பதற்குச் சீனப் பேரரசர் அண்டை நாடுகளின் துணையை நாடினார். 757-இல் நகரை மீட்ட படையில், அப்பாஸிய கலீஃபா அபூ ஜஃபர் அல்மன்சூர் காலத்து அரபு வீரர்களும் இருந்தனர்.

பின்னர் மங்கோலியர் சீனாவை ஆண்ட காலத்தில் முஸ்லிம்கள் பெருந்தொகையாக அங்கே குடியேறினர். அவர்களின் வழித்தோன்றல்களே இன்று ‘ஹூய்’ என்று அழைக்கப்படும் சீன முஸ்லிம்கள். பேசும் மொழி சீனம். மத்ஹபு பெரும்பாலும் ஹனஃபி. இமாமை அவர்கள் ‘ஆஹொங்’ என்பர். அது ‘ஆகூந்த்’ என்னும் பாரசீகச் சொல்லின் சீன உச்சரிப்பு. பள்ளிவாசலை ‘சிங்ஜென்ஸு’ என்பர். ‘தூய்மையும் உண்மையும் உடைய ஆலயம்’ என்பது அதன் பொருள்.

கல்வெட்டும் அறிவிப்பாளர் தொடரும்

சீஆன் பெரிய பள்ளிவாசல், நகரின் முரசு கோபுரத்திற்கு அருகே, முஸ்லிம்கள் வாழும் பகுதியில் ஹுவாஜுயே என்னும் சந்தில் அமைந்துள்ளது. இது கி.பி. 742-இல் நிறுவப்பட்டது என்று பலர் எழுதுகின்றனர். பள்ளிக்குள் உள்ள ஒரு கல்வெட்டில் அவ்வாண்டு பொறிக்கப்பட்டிருப்பதே அதற்கு ஆதாரம். பழமை என்றால் நம் உள்ளம் மகிழும். ஆயினும் அக்கல்வெட்டைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும்.

சூயி வம்சத்தின் ‘கைஹுவாங்’ ஆட்சிக்காலத்தில் இஸ்லாம் சீனத்துள் நுழைந்ததாக அக்கல்வெட்டு கூறுகின்றது. அது கி.பி. 581 முதல் 600 வரையிலான காலம். நம் நாயகம் (ஸல்) அவர்களுக்கு வஹீ அருளப்பட்டதோ கி.பி. 610-இல். நுபுவ்வத்திற்கு முன்பே மார்க்கம் சீனம் சென்றது என்று ஒரு முஸ்லிம் எழுதியிருக்க முடியுமா? பிற்காலத்தில் ஆண்டுக்கணக்கைத் தவறாகப் பின்னோக்கிக் கூட்டியதால் நேர்ந்த பிழை இது. அதன் சொல்லாட்சியும் பிற்காலத்துக்கே உரியது. எனவே அக்கல்வெட்டு மிங் வம்சக் காலத்தில் ஆக்கப்பட்டது என்பதே ஆய்வாளர் பலரின் முடிவு.

இதனைச் சொல்வதால் அப்பள்ளியின் கண்ணியம் சிறிதும் குறைந்துவிடாது. அறிவிப்பைச் சோதித்து ஏற்பது நம் முன்னோர் உலகுக்குக் கற்பித்த கலை. மற்றவர்களின் வரலாற்றில் அதைப் பயன்படுத்தி, நம் வரலாற்றில் அதை மறந்துவிடலாகாது. ஸஅது பின் அபீவக்காஸ் (ரலி) அவர்களின் கப்ரு சீனாவின் குவாங்சௌ நகரில் இருப்பதாகச் சொல்லப்படுவதும் இத்தகையதே. அவர்கள் மதீனாவுக்கு அருகே வஃபாத்தாகி, மதீனாவிலேயே நல்லடக்கம் செய்யப்பட்டார்கள் என்பதே நம் இமாம்கள் எழுதி வைத்துள்ள செய்தி.

உறுதியாகச் சொல்லத்தக்கது இதுதான்: இன்று நாம் காணும் பள்ளிவாசல் மிங் வம்சத்தின் முதற் பேரரசர் ஹொங்வூ காலத்தில், 1392-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதன் பின்னர் மிங், சிங் ஆகிய இரு வம்சங்களின் காலத்திலும் பன்முறை புதுப்பித்து விரிவாக்கப்பட்டது.

மேற்கு நோக்கிய ஒரே பாதை

இப்பொழுது அதன் வாயிலுக்கு வருவோம். சீனர்களின் அரண்மனையாயினும் ஆலயமாயினும் தெற்கு நோக்கி அமைவதே மரபு. முற்றங்களும் மண்டபங்களும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். சீஆன் பள்ளியிலும் அதே முற்றங்கள், அதே மண்டபங்கள், அதே ஓட்டுக் கூரைகள். ஆனால் அனைத்தும் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கிச் செல்கின்றன. ஏனெனில் அவ்வூருக்குக் கஃபதுல்லாஹ் ஏறக்குறைய நேர் மேற்கில் உள்ளது.

சகோதரர்களே, இதனைச் சிந்தித்துப் பாருங்கள். தூணைச் சீனத் தச்சரின் முறைப்படி நாட்டினார்கள். கூரையைச் சீன வழக்கப்படி வேய்ந்தார்கள். ஆனால் எத்திசை நோக்குவது என்ற ஒன்றில் மட்டும் அந்நாட்டு மரபுக்கு அவர்கள் இணங்கவில்லை. எங்கிருந்தாலும் மஸ்ஜிதுல் ஹராமின் பக்கம் முகத்தைத் திருப்புமாறு திருமறை இட்ட கட்டளைக்காக, முழு வளாகத்தையுமே திருப்பி அமைத்தார்கள். அதன் நீளம் சுமார் 250 மீட்டர், அகலம் சுமார் 50 மீட்டர், பரப்பு ஏறத்தாழ மூன்று ஏக்கர். கிழக்கே நுழைகின்றவர், மிஹ்ராபை அடையும்வரை கிப்லாவை நோக்கியே நடக்கின்றார்.

முதல் முற்றத்தில் செங்கற் சிற்பங்களால் அணிசெய்யப்பட்ட திரைச்சுவரும், சுமார் 9 மீட்டர் உயரமுள்ள மரத்தோரண வாயிலும் உள்ளன. இரண்டாம் முற்றத்தில் மூன்று வழிகள் கொண்ட கல் தோரணம் நிற்கின்றது. நம்மைப் படைத்தவன் இங்கே நம்மைக் கண்காணித்துக் கொண்டிருக்கிறான் என்ற கருத்தைத் தரும் சீன எழுத்துகள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. தொழ வருகின்றவருக்கு இஹ்ஸானின் பாடம் வாயிலிலேயே தொடங்கிவிடுகின்றது. அதே முற்றத்தில் மீ ஃபூ, தோங் சிச்சாங் என்னும் புகழ்பெற்ற சீனக் கையெழுத்துக் கலைஞர்களின் எழுத்தைத் தாங்கிய கல்வெட்டுகளும் உள்ளன.

மூன்றாம் முற்றத்தின் நுழைவு மண்டபத்தில் ‘பிறைக் கல்வெட்டு’ எனப்படும் அரபுக் கல்வெட்டு ஒன்று இருக்கின்றது. சந்திர மாதங்களைக் கணக்கிடும் முறையை விளக்குவதற்காகச் சிங் வம்சக் காலத்து ஆலிம் ஒருவர் அதனை எழுதினார். சீனப் பஞ்சாங்கம் வழங்கும் நாட்டில் ரமளானையும் பெருநாட்களையும் மக்கள் தவறவிடலாகாதே என்ற கவலை அந்த ஆலிமுக்கு இருந்திருக்கின்றது.

அம்முற்றத்தின் நடுவே நிற்பதுதான் பிள்ளைகள் படத்தில் கண்ட எண்கோண மாடம். அதுவே அப்பள்ளியின் மினாரா. அதற்குச் சீனர்கள் சூட்டிய பெயர் ‘உள்ளத்தை ஆராயும் மாடம்’. இரு மருங்கிலும் உளூச் செய்யும் இடமும், ஓதிக்கொடுக்கும் அறைகளும் அமைந்துள்ளன.

அடுத்த முற்றத்தில் ‘ஃபீனிக்ஸ் மண்டபம்’ உள்ளது. நடுவில் அறுகோண மண்டபமும் இருபுறமும் சிறகு விரித்தாற்போன்ற கூரைகளும் கொண்டதால் அப்பெயர் வந்தது. அதன் நெற்றியில் ‘ஒரே உண்மை’ என்று பொருள்படும் இரண்டே சீன எழுத்துகள் கொண்ட பலகை மாட்டப்பட்டுள்ளது. வடிவம் சீனர்களின் கற்பனைப் பறவையினுடையது. அதன் மீது எழுதப்பட்டதோ தவ்ஹீத்.

ஸஃபுக்காக மாறிய கூரை

மண்டபத்தைக் கடந்தால் அகன்ற கல்மேடையும், அதற்கப்பால் தொழுகைக் கூடமும் உள்ளன. ஏறத்தாழ 1,300 சதுர மீட்டர் பரப்புள்ள அக்கூடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒருசேரத் தொழலாம். கூரையில் வேயப்பட்டவை நீல வண்ணப் பளபளப்பு ஓடுகள்.

இங்கே தச்சர்களுக்கு ஒரு சிக்கல் எழுந்தது. சீனக் கட்டடங்களில் சுவர் பாரம் தாங்குவதில்லை; கூரையின் எடை முழுவதையும் மரத்தூண்களும் உத்திரங்களுமே தாங்குகின்றன. அவர்களின் ஆலய மண்டபங்கள் பக்கவாட்டில் அகன்றும், உட்புறத்தில் ஆழம் குறைந்தும் இருக்கும். வழிபடுவோர் முன்னே நின்று வணங்கிச் செல்வதற்கு அதுவே போதுமானது. நம் தொழுகைக்கோ ஸஃபுக்குப் பின் ஸஃபு தேவை. ஆகவே ஒரு கூரைக்குப் பின்னால் மற்றொரு கூரையைச் சேர்த்து, இரண்டையும் ஒரே கூடமாக இணைத்து, உட்புற ஆழத்தைப் பெருக்கினார்கள். அதற்கும் பின்னால் மேற்கே நீண்டு செல்லும் தனிப்பகுதியில் மிஹ்ராபை அமைத்தார்கள். ஜமாஅத் தொழுகையின் தேவை கட்டடக் கலைக்கே ஒரு புதிய வடிவத்தைத் தந்தது.

கூரை முகடுகளில் சீனக் கட்டடங்களுக்கே உரிய விலங்கு உருக்கள் உண்டு. அதனை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் தொழுகைக் கூடத்தினுள் உருவம் ஒன்றுமில்லை. மேல்விதானத்தின் அறுநூற்றுக்கும் மேற்பட்ட கட்டங்களில் பூங்கொடிகளும் அரபு எழுத்துகளும் தீட்டப்பட்டுள்ளன. அவ்வெழுத்துகளைத் தூரிகை ஓட்டத்துடன் தீட்டும் சீன முஸ்லிம்களின் பாணி ‘ஸீனீ’ என்றே பெயர் பெற்றது. அண்மைக் காலத்தில் முழுக் குர்ஆனும் அரபியிலும், சீன மொழிபெயர்ப்புடனும் மரப்பலகைகளில் செதுக்கப்பட்டு உட்சுவர்களில் பதிக்கப்பட்டுள்ளது.

கிதாபுகளின் பாலம்

கட்டடத்தைத் தச்சர் கட்டலாம். அதில் தொழுகின்ற சமுதாயத்தைக் கட்டியெழுப்புவது கல்வி. சீஆனை அடுத்துள்ள சியான்யாங்கில் பிறந்த ஹூ தெங்சௌ (1522–1597) என்னும் பெரியார், சீன முஸ்லிம்கள் மார்க்கக் கல்வி குன்றித் தவிப்பதைக் கண்டு, மாணவர்களைத் திரட்டித் தம் இல்லத்திலேயே ஓதிக்கொடுக்கத் தொடங்கினார். பின்னர் அம்முறை பள்ளிவாசல்களின் பக்க அறைகளுக்குப் பரவியது. அவர் வகுத்த வழியில் ஓதப்பட்ட கிதாபுகளின் பெயரைக் கேட்டபோது என் கண்கள் கலங்கின. ஷரஹுல் விகாயா, அகாஇத் நஸஃபீயின் விரிவுரை, ஷரஹ் முல்லா ஜாமி, குலிஸ்தான்! இவை மதரஸாவில் நாங்கள் ஓதிய கிதாபுகளல்லவா? முகம் வேறு, மொழி வேறு, உணவு வேறு. ஆனால் பாடம் ஒன்றே.

மற்றோர் ஒற்றுமையும் உண்டு. நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி அரபுத்தமிழை வளர்த்தது போலவே, அவர்கள் சீன மொழியை அரபு எழுத்தில் எழுதினர். அதன் பெயர் ‘சியாவ்ஜிங்’.

கடல் வழியாகவும் ஓர் இணைப்பு உண்டு. சீனப் பேரரசரின் கடற்படையை நடத்திய செங் ஹோ, யுன்னான் மாகாணத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அவர்தம் தந்தையும் பாட்டனாரும் ஹாஜிகள். 1413-இல் அவர் தம் நான்காம் கடற்பயணத்திற்கென அரபி, பாரசீக மொழிகளை அறிந்தவரைத் தேடியபோது, சீஆன் நகரத்துப் பள்ளிவாசல் ஒன்றின் இமாம் ஹஸன் என்பாரை அழைத்துச் சென்றார். அந்நகரின் தாசுயேசி சந்துப் பள்ளிவாசலில் 1523-இல் நாட்டப்பட்ட கல்வெட்டு இதனைக் கூறுகின்றது. இதே செங் ஹோவின் முந்தைய பயணத்தின்போது கொண்டுவரப்பட்டு இலங்கையின் காலி நகரில் நிறுவப்பட்ட கல், 1409-ஆம் ஆண்டைத் தாங்கியது. அதில் சீனமும் பாரசீகமும் நம் தமிழும் அருகருகே பொறிக்கப்பட்டுள்ளன. 1911-இல் கண்டெடுக்கப்பட்ட அக்கல் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

விருப்பமும் நிர்ப்பந்தமும்

இங்கே ஒரு கேள்வி எழும். சீஆன் முஸ்லிம்கள் சீன வடிவத்தை விரும்பி ஏற்றார்களா, வேறு வழியின்றி ஏற்றார்களா? மிங் ஆட்சியின் தொடக்கத்தில் அயல் உடைக்கும் பெயருக்கும் மொழிக்கும் தடை இருந்தது. வெளியிலிருந்து வந்த இனத்தார் தமக்குள் மட்டும் மணமுடிப்பதையும் சட்டம் தடுத்தது. ஆகவே நிர்ப்பந்தமே இல்லை என்று கூற முடியாது. ஆனால் அக்கட்டடத்தைப் பார்க்கும்போது, ஒடுங்கிப் போனவர்களின் வேலையாக அது தோன்றவில்லை. அந்நாட்டின் மிகச் சிறந்த தச்சையும் சிற்பத்தையும் தம் இறைவனுக்காகத் தேடித் தந்தவர்களின் வேலையாகவே தோன்றுகின்றது.

அச்சமுதாயம் பட்ட துன்பமும் சிறிதன்று. 1862-இல் மூண்ட பெருங்கலகத்தில் ஷான்ஷி மாகாணத்து முஸ்லிம்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர் அல்லது மேற்கே பெயர்ந்தனர். சீஆன் நகர மதிலுக்குள் வாழ்ந்தவர்கள் மட்டும் எஞ்சினர். 1966 முதல் 1976 வரை நீடித்த கலாச்சாரப் புரட்சியில் சீனா முழுவதும் வழிபாட்டிடங்கள் மூடப்பட்டன. இவற்றையெல்லாம் கடந்து அப்பள்ளி நிற்கின்றது. 1956-இல் மாகாண அரசும், 1988-இல் மத்திய அரசும் அதனைப் பாதுகாக்கப்பட்ட நினைவிடமாக அறிவித்தன. சுற்றுலாப் பயணிகள் முற்றங்களைச் சுற்றிப் பார்க்கின்றனர். உள்ளே ஐங்காலத் தொழுகை நடைபெறுகின்றது.

அதே சீனாவில் அண்மை ஆண்டுகளில் நடந்ததையும் நாம் அறிய வேண்டும். 2018-இல் நிங்ஷியாவின் வெய்சௌ பள்ளிவாசலின் குவிமாடங்களை அகற்ற அதிகாரிகள் முற்பட்டபோது, மக்கள் திரண்டு நின்று ஆட்சேபித்தனர். ஆயினும் பின்னர் அவை அகற்றப்பட்டன. யுன்னானின் ஷாதியான் பெரிய பள்ளிவாசலும் 2024-க்குள் தன் குவிமாடங்களை இழந்தது, மினாராக்களும் மாற்றப்பட்டன. பள்ளிகள் சீன வடிவில் இருக்க வேண்டும் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். சீஆன் பள்ளியை நான் புகழ்ந்து பேசியது இச்செயலுக்குச் சான்றாகிவிடக் கூடாது. தொழுகின்ற மக்கள் தாமே கட்டி எழுப்பிய வடிவத்திற்கு உள்ள கண்ணியம், அவர்கள் மீது திணிக்கப்பட்ட வடிவத்திற்கு இல்லை. பிறர் கட்டிய குப்பாவைப் பலவந்தமாக இறக்குவது அநீதி. குப்பா இல்லாததால் ஒரு பள்ளியைக் குறைத்து மதிப்பது அறியாமை.

நமக்குரிய பாடம்

நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் கட்டிய பள்ளியின் தூண்கள் பேரீச்ச மரங்கள். கூரை பேரீச்ச மட்டைகள். குப்பாவும் இல்லை, மினாராவும் இல்லை. பிலால் (ரலி) அவர்கள் அருகிலிருந்த உயரமான ஒரு வீட்டின் மேலேறிப் பாங்கு சொன்னார்கள். உள்வளைந்த மிஹ்ராபே கலீஃபா வலீத் காலத்தில், உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் மதீனாவின் ஆளுநராக இருந்தபோது அமைக்கப்பட்டதுதான். குவிமாடமும் மினாராவும் முஸ்லிம்கள் சென்ற நாடுகளில் கண்டு, பயன்கருதி ஏற்றுக்கொண்டவை. அவை அழகானவை. ஆனால் பள்ளியின் ருக்னுகள் அல்ல.

எனவே அச்சிறுவனின் கேள்விக்கு நான் சொன்ன விடையையே உங்கள் முன்னும் வைக்கின்றேன். “மகனே, அங்கே கிப்லா இருக்கிறதா? இருக்கிறது. உளூச் செய்ய நீர் இருக்கிறதா? இருக்கிறது. ஸஃபு நிற்க இடமும், பாங்கு சொல்ல ஆளும், ஓதிக்கொடுக்க அறையும் இருக்கின்றனவா? இருக்கின்றன. அப்படியானால் அது பள்ளிவாசல்தான்.”

நம் பள்ளிகளைப் புதுப்பிக்கும் பேச்சு எழும்போதெல்லாம் முதலில் வரைபடத்தில் மினாராவின் உயரத்தைப் பேசுகின்றோம். பக்க அறையில் ஓதும் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கடைசியில் பேசுகின்றோம். சீஆன் முஸ்லிம்களைக் காத்தது கூரையின் வளைவன்று. அதன் கீழே விடாமல் நின்ற ஸஃபும், விடாமல் ஓதப்பட்ட கிதாபும்தான். முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற பழைய தூண்களும் கல்வெட்டுகளும் எங்கேனும் இருப்பின், அவற்றை இடிக்கும் முன் ஒருமுறைக்குப் பலமுறை ஆலோசியுங்கள். அவையும் இம்மண்ணில் நம் ஈமானின் சாட்சிகள்.

வல்ல நாயன் நம் பள்ளிகளைத் தொழுகையாளிகளால் நிரப்புவானாக! சீனத்திலும் ஏனைய நாடுகளிலும் சோதனைக்குள்ளாகியிருக்கும் நம் சகோதரர்களுக்கு அமைதியையும் பாதுகாப்பையும் அருள்வானாக! நம் பிள்ளைகளைக் கல்வியுடையோராகவும் கிப்லாவை விட்டு முகம் திருப்பாதோராகவும் ஆக்குவானாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.